சுவரோவியங்களைத் தேடி ஒரு சைக்கிள் சுற்று: இந்திரா நகர் முதல் கண்ணகி நகர் வரை

சென்னையின் சுவரோவியங்களை வழிகாட்டியுடன் சைக்கிளில் சென்று பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைச் சுற்று ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதியிலிருந்து சிறு குழுக்கள் இத்தகைய சுற்றுகளை நடத்துகின்றன. நான் சென்ற குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. சொல்லவேண்டிய குறைகள் சில இருக்கின்றன, அவை அந்தக் குழுவுக்கு மட்டுமே உரியவை என்றும் எனக்குத் தோன்றவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்கும் பணத்துக்கு இந்தச் சுற்று தகும். ஆனால் ஓவியத்தைக் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட, அந்த ஓவியத்தைத் தாங்கி நிற்கும் சுவரைப் பற்றிச் சொல்வதில் அது காட்டவில்லை. சென்னையில் சுவருக்கு வெகுகாலமாகவே எழுதுபவர்களும் வரைபவர்களும் அடித்துக்கொள்பவர்களும் உண்டு. அந்த வரலாற்றை விட்டுவிட்டுச் சுவரோவியத்தை மட்டும் விளக்கினால், அது வெளியூரிலிருந்து நேற்று வந்து இறங்கிய சரக்கைப்போல் ஆகிவிடுகிறது.

ஏற்பாடுகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. கட்டணம் ஒருவருக்கு 1,200 ரூபாய்; கியர் சைக்கிள், ஹெல்மெட், தண்ணீர், காலைச் சிற்றுண்டி, திரும்பும்போது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிவரும் வேன் ஆகியவை இதில் அடங்கும். சொந்தச் சைக்கிள் கொண்டுவருபவர்களுக்கு 300 ரூபாய் குறைவு. விடிவதற்கு முன்பே பெசன்ட் நகர் கடற்கரையில் கூடி, ஒவ்வொருவரின் உயரத்துக்கும் ஏற்ப சீட்டை ஏற்றி இறக்கி, பிரேக்கை இழுத்துப் பார்த்து, டயரில் காற்றைச் சரிபார்த்து, ஆறு மணிக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பது நல்ல விதி. முன்னால் வழிகாட்டி செல்ல, பஞ்சர் ஒட்டும் சாமான்களுடன் ஒருவர் கடைசியில் வருகிறார். எங்கள் குழுவில் செயின் கழன்ற ஒருவருக்காக எல்லோரும் நின்றபோதும், யாரும் அவரைத் தர்மசங்கடப்படுத்தாமல் அந்தக் காரியம் முடிந்தது. வழிகாட்டி கவின்கலை படித்த இளைஞர். மனப்பாடம் செய்த உரையை ஒப்பிக்காமல், கேள்வி வந்தால் நின்று பதில் சொல்லும் பழக்கம் உள்ளவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் தயங்கவில்லை.

முதல் நிறுத்தம் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம். இந்த ரயில் பாதை 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2004இல் திருவான்மியூர் வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் படிப்படியாக நீண்டது. அதன் நிலையங்களின் அளவுக்கும் அவற்றில் நடமாடும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் எப்போதும் பொருத்தம் இருந்ததில்லை. கூடைப்பந்து ஆடலாம் போன்ற கூடங்கள், வண்ணம் காணாத கான்கிரீட், இருட்டிய மாடிப்படிகள் என்று பல ஆண்டுகள் கிடந்த அந்த நிலையங்களில் ஒன்றின் முகப்பில், 2021ஆம் ஆண்டு சென்னை ஓவியர் ஏ-கில் மனித முகங்களைப் பெரிது பெரிதாக வரைந்தார். பொதுச் சுவர்களில் ஓவியம் வரையச் செய்யும் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துடன் சேர்ந்து மேற்கொண்ட பணி அது. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களின் முகங்களும் தொற்று இல்லாதவர்களின் முகங்களும் அங்கே கலந்து நிற்கின்றன. எது எவருடையது என்று பார்ப்பவருக்குத் தெரியாது; தெரியக்கூடாது என்பதுதான் ஓவியத்தின் கருத்து.

பழைய மாமல்லபுரம் சாலை எனப்படும் ராஜீவ்காந்தி சாலையில் காரிலோ பைக்கிலோ போகிறவர்களுக்கு இந்த ஓவியம் வண்ணம் நிறைந்த ஒரு சுவராக மட்டுமே கடந்துபோகும். நடந்து வருபவருக்கோ, நிலையத்தை ஒட்டி நிற்கும்போது நெற்றி ஒரு நிறத் திட்டாகவும் மூக்கு இன்னொரு நிறத் திட்டாகவும் சிதறித் தெரியும். சைக்கிளின் வேகம் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. வழிகாட்டி எங்களைச் சாலையின் எதிர்ப்புறமாக ஒருமுறை மெதுவாக ஓட்டச் சொன்னார்; தூரத்தில் முகமாக இருந்தது நெருங்க நெருங்க நிறமாகக் கலைந்து, தாண்டியபின் திரும்பிப் பார்த்தால் மறுபடி முகமாகக் கூடுவதைக் கண்டோம். ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் அவர் செய்த இந்த ஏற்பாடுதான் அன்றைய காலையின் மிகச் சிறந்த பாடம்.

ஆனால் அந்த இடத்தில் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த ஊரில்தான். 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்துகொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூரில் நடந்த பரிசோதனையில் தொற்று இருப்பது தெரியவந்தது. அது நம் நாட்டு நோய் இல்லை என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சுனிதி சாலமன் அதன்பின் தம் வாழ்நாளை இந்த நோயாளிகளுக்காகவே செலவிட்டார். இந்தச் செய்தி தெரிந்தபின் அந்த முகங்களைப் பார்ப்பதும் தெரியாமல் பார்ப்பதும் ஒன்றாகாது. வழிகாட்டி பெயின்ட் நிறுவனத்தின் பெயரைச் சொன்னார், ஓவியர் எத்தனை நாள் உழைத்தார் என்பதைச் சொன்னார். இந்தச் சென்னைக் கதையை மட்டும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்தான் அதை எடுத்துச் சொன்னார். வழிகாட்டி உடனே தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டதையும் சொல்லவேண்டும்.

அடுத்து வருவது சுற்றின் பலவீனமான பகுதி. இந்திரா நகரிலிருந்து கண்ணகி நகர் வரை ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், பழைய மாமல்லபுரம் சாலையிலேயே ஓட்டவேண்டும். டைடல் பார்க், கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம் என்று வரிசையாக வரும் இந்த வழியில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சிப்காட் தடத்துக்கான வேலை நடந்துவருகிறது. தடுப்புகள் சாலையை விழுங்கியிருக்கின்றன, ஓரத்தில் மணல் குவிந்திருக்கிறது, ஞாயிறு காலையிலும் தண்ணீர் லாரிகள் ஓய்வதில்லை. குழுவினர் எங்களை ஒற்றை வரிசையில் ஒழுங்காகவே அழைத்துச் சென்றார்கள். ஆயினும் சைக்கிள் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களையும் பதின்வயதுப் பிள்ளைகளையும் இந்தச் சாலையில் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத பத்து கிலோமீட்டரை ஓட்டிக் கடப்பதைவிட, வேனில் துரைப்பாக்கம் வரை சென்று அங்கிருந்து சைக்கிளை இறக்கினால், மிச்சமாகும் நேரத்தைக் கண்ணகி நகரின் தெருக்களில் செலவிடலாம். மொத்தத் தூரத்தைப் பெரிதாகக் காட்டும் ஆசை சைக்கிள் குழுக்களுக்கு உண்டு என்பது தெரிந்ததே.

கண்ணகி நகரில் எல்லோரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். இது குழுவின் கட்டாய விதி. அனுமதி கேட்காமல் குழந்தைகளைப் படம் எடுக்கக்கூடாது, திறந்திருக்கும் கதவுகளை நோக்கிக் கேமராவைத் திருப்பக்கூடாது, மணி அடிக்கக்கூடாது என்பவையும் விதிகள். ஒருவர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணைச் சேர்த்துப் படம் எடுத்தபோது, வழிகாட்டி அவரைத் தனியே அழைத்து அதை அழிக்கச் சொன்னார். இத்தகைய சுற்றுகளில் நான் எதிர்பார்க்காத கண்டிப்பு இது. முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

ஏனென்றால் கண்ணகி நகர் கண்காட்சிக் கூடம் இல்லை. 2000ஆம் ஆண்டுவாக்கில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் உருவாக்கிய மறுகுடியமர்வுப் பகுதி அது. கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் சாலையோரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்டு, வேலைக்கும் பள்ளிக்கும் பழக்கப்பட்ட மருத்துவமனைக்கும் வெகுதூரத்தில், 200 சதுர அடிக்கும் குறைவான வீடுகளில் குடியேற்றப்பட்டன. நாளடைவில் அந்த ஊர்ப்பெயரே ஒரு தடையாயிற்று. விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் சொல்வது பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா, ஏஷியன் பெயின்ட்ஸ், பெருநகர சென்னை மாநகராட்சி ஆகியவை சேர்ந்து இங்கே கட்டடங்களின் பக்கச் சுவர்களில் ஓவியங்கள் வரையச் செய்து, இதைச் சென்னையின் முதல் ‘கலை மாவட்டம்’ என்று அறிவித்ததன் பின்னணி இதுதான். முகவரிக்கு வேறொரு முகம் கொடுப்பது நோக்கம். அது எவ்வளவு நிறைவேறியது என்பதை ஒரு காலைச் சுற்றில் அளந்துவிட முடியாது. 2025ஆம் ஆண்டு பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் இந்தக் குடியிருப்பின் கார்த்திகா இடம்பெற்றிருந்தார். நாங்கள் பேசிய தெருக்காரர்களில் பெரும்பாலோர் ஓவியங்களைவிட அவரைப் பற்றித்தான் பெருமையாகப் பேசினார்கள்.

ஓவியங்களில் பலரும் தேடி வருவது ஏ-கில் வரைந்த சிறுவர்களின் சிரிப்புதான். அந்தச் சுவரின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது, புகைப்படங்களில் தெரியாத ஒன்று தெரிகிறது. குழந்தையின் பல்வரிசையும் கண்ணின் ஒளியும் இவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கும் சுவர் வழவழப்பானதே இல்லை. பூச்சு மேடும் பள்ளமுமாக, ஒட்டுப்போட்ட தடங்களோடு, குழாய்கள் நெடுக ஓடும் சுவர். குழாயின் வளைவின்மேலும் நிறத்தை விடாமல் இழுத்திருக்கிறார் ஓவியர். தமிழ் மண்ணில் பிறந்து, தலித் பெண்களின் வருங்காலத்தைக் கற்பனை செய்து வரையும் ஓஷீன் சிவாவும் இங்கே வரைந்திருக்கிறார். அவருடைய உருவங்களின் கனமான கைகால்களும் அடர்ந்த நிறங்களும் மற்ற சுவர்களிலிருந்து உடனே பிரிந்து தெரிகின்றன. எனக்கு அவருடைய ஓவியமே கூடுதலாகப் பிடித்தது. இங்கே வாழ்பவர்களைப் பார்த்து இரக்கப்படச் சொல்லாத ஓவியம் அது. சில சுவர்களில் வெறும் வடிவங்களும் பட்டைகளும் மட்டுமே உள்ளன. அவை எந்த நாட்டு எந்த ஊர்ச் சுவரிலும் இருந்திருக்கலாம். அங்கே வழிகாட்டியும் அதிக நேரம் நிற்கவில்லை.

நான்கு மாடி உயரச் சுவரில் ஒரு முகத்தை எப்படிச் சரியான அளவில் வரைகிறார்கள் என்ற கேள்விக்கு வழிகாட்டி தந்த விளக்கம் அருமையாக இருந்தது. முதலில் சுவரெங்கும் கோடுகளும் எழுத்துகளும் சுழிகளுமாகக் கன்னாபின்னாவென்று கிறுக்கிவிடுவார்கள். அந்தச் சுவரைப் படம் எடுத்து, கைப்பேசியில் அதன்மேல் வரையவேண்டிய உருவத்தைப் பாதி தெரியும்படி படியவைப்பார்கள். பிறகு சாரத்திலோ தூக்கி வண்டியிலோ நின்றுகொண்டு, ‘கண்ணின் ஓரம் இந்தச் சுழிக்கு இடப்பக்கம் விழுகிறது, உதடு அந்த எழுத்தின் காலில் முடிகிறது’ என்று பார்த்துப் பார்த்துக் கோடு இழுப்பார்கள். வேலை முடியும்போது கிறுக்கல் எல்லாம் நிறத்துக்கு அடியில் மறைந்துவிடும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அண்ணா சாலைத் திரையரங்குகளின் முன்னால் நின்ற பேனர்களை வரைந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். சிறிய புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, கதாநாயகனின் மூக்கை ஆறடிக்கு இழுத்தவர்கள் அவர்கள். கணக்கு அதேதான், கட்டத்தின் இடத்தில் கிறுக்கல் வந்திருக்கிறது. வழிகாட்டி இந்தத் தொடர்பை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

வண்ணங்களின் இன்றைய நிலையைப் பற்றி அவர் மறைக்காமல் பேசினார். பல சுவர்களில் நிறம் மங்கியிருக்கிறது, சிலவற்றில் பொரிந்து உதிர்ந்திருக்கிறது. மேற்கும் தெற்கும் பார்த்த சுவர்களில் வெயில் நேராக அறைவதால், பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கின்றன. நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கின்றன. இதே சென்னை வெயிலில் கோயில் மதிலின் காவிப் பட்டை ஏன் அப்படி நிறம் மாறுவதில்லை என்று ஒருவர் கேட்டார். செங்காவி இரும்புத் துருவின் இனத்தைச் சேர்ந்த மண் நிறம், வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஓவியர்களுக்கு வேண்டிய பளீர்ச் சிவப்புகளோ பெரும்பாலும் கரிமச் சேர்மங்கள், ஒளி பட்டுப் பட்டுச் சிதைபவை என்று அவர் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. சுண்ணாம்பும் காவியும் அடித்த சுவரை ஆண்டுதோறும் மறுபடி அடிப்பதற்கு ஆளும் வழக்கமும் உண்டு, இந்தச் சுவர்களுக்கு அந்த வழக்கம் இன்னும் ஏற்படவில்லை என்று நான் கூடுதலாகச் சொன்னேன், அதையும் ஏற்றுக்கொண்டார்.

பொரிவதற்குக் காரணம் வெயில் இல்லை, தண்ணீர். அதைச் சொன்னவர் வழிகாட்டி அல்லர். குடங்களுடன் குழாயடியில் நின்றிருந்த ஒரு பெண்மணி. “படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்தப் பொண்ணு கன்னத்துல வழியுது பாருங்க, அது கண்ணீர் இல்ல, மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி” என்றார். “எழுதிக் கொடுத்திருக்கீங்களாக்கா?” என்று வழிகாட்டி கேட்க, “படம் வரையுறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்தாச்சு” என்று பதில் வந்தது. குழாய் கசிந்து சுவருக்குள் இறங்கும் ஈரம் வெளிப்பூச்சைத் தள்ளிக்கொண்டு வருகிறது. உப்புப் பூத்து, வண்ணம் தோலைப்போல் உரிகிறது. வெளியே எவ்வளவு விலையுயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு அது மருந்தாகாது என்பது வீடு கட்டிய எவருக்கும் தெரியும். வழிகாட்டி இந்த உரையாடலைத் துண்டிக்காமல், நாங்கள் அனைவரும் கேட்கும்படி நின்றது எனக்குப் பிடித்திருந்தது. சுற்றின் திட்டத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கலாம்: அந்தந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர்களில் விருப்பமுள்ள ஒருவரை, உரிய ஊதியம் கொடுத்து, கால் மணி நேரம் பேச அழைக்கலாம்.

ஊதியம் என்றதும் சிற்றுண்டியைச் சொல்லவேண்டும். கண்ணகி நகரின் முக்கியச் சாலையில் அந்த நேரத்துக்கு இட்லி வெந்துகொண்டிருக்கிறது, பூரி பொரிகிறது, ஆப்பச் சட்டி ஏறியிருக்கிறது. ஆனால் குழுவினர் எங்களை மறுபடி பழைய மாமல்லபுரம் சாலைக்கு அழைத்துச் சென்று, கண்ணாடிக் கதவு போட்ட ஓர் உணவகத்தில் சாண்ட்விச்சும் காபியும் வாங்கிக் கொடுத்தார்கள். கேட்டதற்குச் சுத்தத்தைக் காரணம் காட்டினார்கள். அந்த மக்களின் தெருவில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, அவர்கள் கையால் ஒரு தேநீர்கூடக் குடிக்காமல் திரும்புவது நன்றாக இல்லை. நானும் இன்னும் இருவரும் வேன் வரும்வரை என்று சொல்லிவிட்டுத் திரும்ப நடந்து வந்து, தள்ளுவண்டியில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டோம். சாண்ட்விச்சைவிடப் பல மடங்கு மேல். வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இனி, சொல்லாமல் விடப்பட்ட சுவர்களுக்கு வருகிறேன். இந்தச் சுற்றின் விளக்கப்படி சென்னையில் சுவரோவியம் 2014இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் அழைக்கும் கெத்தே நிறுவனம் வெளிநாட்டு, உள்நாட்டு ஓவியர்களைக் கொண்டு நகரில் பல சுவர்களில் வரையச் செய்தது. ஜெர்மானிய ஓவியர் ஹென்ட்ரிக் பைகிர்ஷ் எழும்பூர் ரயில் நிலையச் சுவரில் ஒரு மாபெரும் முகத்தை வரைந்தார். இவை உண்மையே. ஆனால் இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2009இல், சென்னை மாநகராட்சி அண்ணா சாலையின் சுவர்களில் சுவரொட்டிகளை அகற்றி, மாமல்லபுரச் சிற்பங்களையும் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளையும் வரையச் செய்தது. வரைந்தவர்கள் சினிமா பேனர் ஓவியர்கள். கணினியில் அச்சடித்த ஃபிளெக்ஸ் வந்து தொழிலைப் பறித்தபின் வேலையின்றி இருந்தவர்களுக்கு அது சிறிது காலம் சோறு போட்டது. அந்த ஓவியங்கள் கலைநயத்தில் உயர்ந்தவை என்று வாதிட மாட்டேன். பள்ளிப் பாடப் புத்தகத்தின் அட்டையைப் பெரிதாக்கியதுபோல் சில இருந்தன. என்றாலும், நகரத்தின் முக்கியச் சாலையை இந்த ஊர்க் கைகள் வரைந்து நிரப்பின என்பதை ஒரு சுவரோவியச் சுற்று சொல்லாமல் போகலாமா?

அதற்கும் முன்னால் கட்சிச் சுவர்கள் இருக்கின்றன. வெள்ளை அடித்து, ஓரத்தில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி, தேர்தல் வருவதற்கு வெகுமுன்பே சுவரை ‘ரிசர்வ்’ செய்துவைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. நீல எழுத்துக்குச் சிவப்பு நிழல் கொடுத்து, சின்னத்தை ஒரே மூச்சில் வரைந்து, மூலையில் தம் பெயருடன் ‘ஆர்ட்ஸ்’ என்று கையெழுத்திட்டுச் செல்லும் எழுத்துக் கலைஞர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. திறந்தவெளிகளைச் சீர்குலைப்பதைத் தடுக்க 1959ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது என்றால், அப்போதே சுவர்களுக்கு எவ்வளவு போட்டி இருந்திருக்கவேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். நாங்கள் சென்ற பாதையிலேயே இத்தகைய சுவர்கள் பல வந்தன. கண்ணகி நகருக்குள் திரும்பும் இடத்தில் ஒரு நீண்ட சுவர் முழுவதும் எழுத்துதான். மெய்யெழுத்தின் புள்ளிகூட ஒரே அளவாக விழுந்திருந்தது. வழிகாட்டி அதை ஒட்டியே எங்களை ஓட்டிச் சென்றார், நிறுத்தவில்லை. ஓவியச் சுவர்களின் கீழே, வாசல்களில் அன்று காலை போட்டிருந்த கோலங்களுக்கும் அதே கதிதான். மார்கழியில் தெருவை அடைத்துக்கொண்டு போடப்படும் வண்ணக் கோலத்தைவிடப் பழைய தெருக்கலை இந்த ஊரில் எது? சைக்கிள் சக்கரம் ஏறாமல் விலகிச் செல்லுமாறு மட்டும் சொன்னார். அந்த மரியாதையாவது இருந்தது.

இவ்வளவு சொன்னபிறகும் இந்தச் சுற்றைப் பரிந்துரைக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் வழிகாட்டியின் நேர்மையும் சைக்கிள் தரும் வேகமும்தான். ஆட்டோவிலோ காரிலோ வந்து இறங்குபவர்களை நாங்கள் அங்கேயே பார்த்தோம்; ஒரு சுவர், ஒரு படம், அடுத்த சுவர் என்று அரை மணியில் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சைக்கிளுடன் நிற்பவரிடம் பிள்ளைகள் வந்து கியரை மாற்றிப் பார்க்கிறார்கள், பெரியவர்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள், பேச்சு தானாகத் தொடங்குகிறது. தனியாகவே போய்ப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: இந்திரா நகர் நிலையத்துக்குத் தாராளமாகத் தனியாகப் போகலாம், ரயிலிலேயே போகலாம். கண்ணகி நகருக்கு முதல்முறை போகும்போது, அந்தத் தெருக்களில் முகம் தெரிந்த ஒருவருடன் போவது இரு தரப்புக்கும் நல்லது.

போக நினைப்பவர்கள் மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்தெடுக்கவும். மாசி பாதிக்குமேல் எட்டு மணி வெயிலே தாங்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துரைப்பாக்கத்தின் உள்தெருக்களில் தண்ணீர் தேங்கும், குழுவும் முன்பதிவுகளைக் கடைசி நேரத்தில் தள்ளிவைக்கும். மழையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்பிவிடுகிறது. நாமாக ரத்து செய்தால் பாதிதான். படம் எடுப்பவர்கள் கிழக்கு பார்த்த சுவர்களை முதலில் முடித்துக்கொள்ளட்டும், அந்த நேரத்தில் ஒளி அங்கேதான் நன்றாக விழும். பழக்கமில்லாதவர்கள் முன்பதிவு செய்யும்போதே துரைப்பாக்கம் வரை வேனில் வர அனுமதி கேட்கலாம். விளம்பரத்தில் இல்லாவிட்டாலும் கேட்டவர்களுக்கு மறுக்கவில்லை.

எழும்பூரிலிருந்து வடசென்னைப் பக்கம் செல்லும் இரண்டாவது சுற்று ஒன்றைத் திட்டமிட்டு வருவதாகத் திரும்பும் வழியில் வழிகாட்டி சொன்னார். பேனர் வரைந்த மூத்த ஓவியர் ஒருவரைத் தேடிப்பிடித்து, உரிய சம்பளம் கொடுத்து உடன் அழைத்து வந்து, ஒரு சுவரின் முன்னால் கட்டம் போட்டுக் காட்டச் சொன்னால், 1,200 என்ன, 2,000 ரூபாய் கொடுத்தும் வருவேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். விசாரித்துப் பார்ப்பதாகச் சொல்லி, எனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பெரம்பூரில் ஒருவரின் எண் என்னிடம் இருந்தது, கொடுத்திருக்கிறேன்.